பத்துக்குப் பத்து அறையில் பாட்டு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டு ஸ்டூடியோக்காரர்களே,

கவர் சாங் பாடுபவர், குறும்படத்துக்குப் பின்னணி இசை போடுபவர், சொந்தக் காசில் ஆல்பம் செய்பவர், பாட்காஸ்ட் பேசுபவர் என்று உங்களில் பல வகை உண்டு. அறை மட்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜன்னலோரம் மேசை, அதன்மேல் லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டு. சுவரில் கறுப்பும் சிவப்புமாகச் சதுரம் சதுரமாக ஒட்டிய ஃபோம், அதைச் சுற்றி எல்இடி விளக்கு. வீடியோவில் பார்த்தால் அசல் ஸ்டூடியோ. இந்த மடல் அந்த ஃபோமைப் பற்றியும், அதனால் ஆகாத வேலையைப் பற்றியும்.

உங்களில் எல்லோரும் பட்ட பாடு ஒன்று உண்டு. நள்ளிரவு தாண்டி மிக்ஸ் செய்து முடித்த பாட்டு அறையில் கச்சிதமாக இருக்கிறது. மறுநாள் நண்பரின் காரில் போட்டால் பாஸ் கும்மென்று அடைக்கிறது, குரல் எங்கோ பின்னால் போய் நிற்கிறது. இயர்போனில் கேட்டால் இன்னொரு பாட்டு. சந்தேகம் முதலில் ஸ்பீக்கர் மேல் விழுகிறது, பிறகு ப்ளக்-இன் மேல், கடைசியில் சொந்தக் காதின் மேல். அறையை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. பெரும்பாலும் தப்பு அறையின் மேல்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் பிடிபட்டுவிடும். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எந்த அலையின் சரிபாதி அளவெடுத்தாற்போல் பொருந்துகிறதோ, அந்த அதிர்வெண்ணில் அறை தானும் சேர்ந்து பாடத் தொடங்கும். 349ஐ 6.1ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 114, மும்மடங்கு 171 என்று மேலே போகும். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, நம் ஊர் வழக்கப்படி தளத்தின் உயரமும் பத்தடி என்றால் மூன்று திசையின் ஒத்ததிர்வும் அதே 57இல் வந்து குவிகிறது. இசைக்கு இதைவிட மோசமான வடிவம் அமைவது கடினம். பன்னிரண்டடி நீளம் உள்ளவர்கள் கொஞ்சம் பாக்கியசாலிகள். அவர்களுக்கு நீளவாக்கில் 48 ஹெர்ட்ஸ் தனியாகப் பிரிந்துவிடும்.

பாஸ் கிட்டாரின் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். பத்தடிக் கனசதுர அறையில் அந்த ஸ்வரம் வந்தபோதெல்லாம் அறை வீங்கும், கையை எடுத்த பிறகும் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த டி கம்பி 73 ஹெர்ட்ஸ். அதற்கு அறையின் தயவு அவ்வளவு கிடைக்காது, சோகையாகக் கேட்கும். வாசித்தவர் சீராகத்தான் வாசித்திருப்பார். மிக்ஸ் செய்பவர் அது தெரியாமல் கம்ப்ரஸரைப் போட்டு நசுக்கி, ஈக்யூவில் 55ஐச் சுரண்டி எடுத்து, 73ஐத் தூக்கி வைப்பார். இந்தத் திருத்தங்கள் எல்லாம் அவருடைய அறைக்கானவை. பாட்டோடு சேர்ந்து அவை ஊரெல்லாம் போய்விடும்.

உட்காரும் இடமும் இதில் விளையாடும். அந்த 57 ஹெர்ட்ஸ் அலை சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நம்பாதவர்கள் இன்றைக்கே சோதிக்கலாம். டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை மானிட்டர் ஸ்பீக்கரில் இணைத்து, 50க்கும் 60க்கும் இடையில் மெல்ல நகர்த்தி, அறை எங்கே முழங்குகிறது என்று பிடியுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரால் இவ்வளவு கீழே போக முடியாது. பிடித்த பிறகு எழுந்து நடங்கள். மூலையில் காது வைத்தால் முழக்கம், அறையின் நடுவுக்கு வந்தால் அமைதி, எதிர்ச்சுவரை நெருங்கினால் மறுபடி முழக்கம். ஸ்பீக்கரில் வால்யூமை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நாற்காலியை நடுவில் போட்டுக்கொண்டு பாஸ் போதவில்லை என்று ஏற்றுபவரும், கட்டிலில் சுவரோடு சாய்ந்து கேட்டுப் பாஸ் அதிகம் என்று குறைப்பவரும் ஒரே அறையில் இருக்க முடியும். சில சமயம் ஒரே ஆளாகவும்.

சரி, அந்த ஃபோம்? துளையுள்ள எந்தப் பொருளும் ஒலியை உறிஞ்சுவது காற்றின் அசைவைத் தடுத்து, அதைத் துளி வெப்பமாக மாற்றித்தான். சுவரை ஒட்டி காற்று அசைவதே இல்லை. சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சம். ஆகவே பொருளின் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓர் அங்குல ஃபோம் முழுத் திறமையோடு வேலை செய்வது சுமார் 3,500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். 500க்குக் கீழே அதை ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 57 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் ஐந்தடி! ஓர் அங்குலத்தை வைத்துக்கொண்டு அதனிடம் போராட முடியாது.

ஃபோம் ஒன்றும் செய்யாமல் இருந்தால்கூடத் தேவலை. அது மேல் ஸ்தாயி எதிரொலியை மட்டும் நன்றாகவே தின்றுவிடுகிறது. சுவர் முழுக்க ஒட்டியவர் கையைத் தட்டிப் பார்த்தால் அறை அடங்கிவிட்டதாகத் தோன்றும். பாஸும் கீழ் நடு ஒலிகளும் முன்போலவே சுற்றிக்கொண்டிருக்கும். ஹை-ஹேட்டின் மினுக்கும் குரலின் மூச்சும் மட்டும் வற்றிப்போயிருக்கும். அந்த அறையில் மிக்ஸ் செய்பவர் ட்ரெபிளை ஏற்றுவார், வெளியே போய்க் கேட்டால் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் காதைக் கீறும். ஃபோம் ஒட்டாத அறையைவிட அரைகுறையாக ஃபோம் ஒட்டிய அறை பல நேரம் மோசம்.

இந்த அறிவு நேற்று வந்ததல்ல. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை என்று புகார் வந்தது. வேலையை இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் கிளமென்ட் சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தது ஓர் ஆர்கன் குழல், ஒரு ஸ்டாப்வாட்ச், தன் காது. இரவுகளில் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்குவார், குழலை ஊதவிட்டு நிறுத்துவார், ஒலி அடங்க எத்தனை நொடி என்று குறிப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். காலி அரங்கில் ஐந்தரை நொடிக்கு மேல் தங்கிய ஒலி, மெத்தை கூடக்கூடக் குறைந்தது. அந்த ராத்திரி வேலையிலிருந்துதான் எதிரொலி நேரத்துக்கான சூத்திரம் பிறந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலின் ஒலியமைப்பு அவருடைய ஆலோசனையில் உருவானது. உலகின் மிகச் சிறந்த கச்சேரி அரங்குகளில் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது.

சபைனின் சூத்திரம் பள்ளிக் கணக்கு மாதிரிதான். அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். பத்தடிக் கனசதுரத்தின் கன அளவு சுமார் 28 கன மீட்டர். பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது ஒன்றரை சதுர மீட்டர் சொச்சம். விடை, இரண்டரை நொடிக்கு மேல். புதுவீட்டில் சாமான் இறக்குவதற்கு முன் பேசிப் பார்த்தவர்களுக்கு இது காதால் தெரிந்த எண். மிக்ஸ் செய்யும் அறைக்கு வேண்டியது 0.3 நொடி அளவு. அதற்குச் சுமார் பதினைந்து சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். கட்டில் மெத்தை, திரை, துணிமணி, உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் சேர்ந்து நான்கைந்து சதுர மீட்டரைத் தந்துவிடும். மிச்சத்துக்குத்தான் ஒலியை உறிஞ்சும் தடித்த பேனல். சிறிய அறையின் பாஸுக்கு இந்தச் சூத்திரம் சரிவரப் பொருந்தாது. சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மேலே சொன்ன ஒத்ததிர்வுகளின் ராஜ்யம். ஆனாலும் எவ்வளவு வேலை பாக்கி என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள இது போதும்.

யூடியூபில் பார்க்கும் அமெரிக்க வீடியோக்களை அப்படியே பின்பற்றுபவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டியவை. அந்தச் சுவர் பாஸில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், கொஞ்சத்தை வெளியே விடும். பக்கத்து அறைக்காரருக்கு அது தொல்லை, மிக்ஸ் செய்பவருக்கு அதுவே உபகாரம். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் எதையும் விடுவதில்லை, அப்படியே திருப்பி அடிக்கும். அங்கே இரண்டங்குல பேனல் போதும் என்று ஒருவர் சொன்னால், இங்கே நான்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை அட்டையைப் பற்றியும் சொல்லிவிடலாம். கேட்டால் இன்னும் யாராவது ஒருவர் சிபாரிசு செய்கிறார். அது மெல்லிய காகிதக் கூழ். நடு ஒலியில் ஏதோ கொஞ்சம் உறிஞ்சும், பாஸுக்கு அது இருப்பதே தெரியாது. பற்றினால் மட்டும் நன்றாக எரியும்.

எரிவது சாதாரண விஷயமில்லை. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடை மத்தாப்பின் பொறி சுவரில் ஒட்டிய பாலியூரிதேன் ஃபோமில் விழுந்தது. சில நிமிடங்களில் கட்டடம் முழுக்க நெருப்பு, இறந்தவர்கள் 100 பேர். பத்து வருடம் கழித்து, 2013 ஜனவரியில், பிரேசிலின் சாண்டா மரியா நகரில் கிஸ் என்ற விடுதியில் ஏறக்குறைய அதே கதை. 242 பேர் போனார்கள், பெரும்பாலும் நச்சுப் புகையில். ‘வீட்டில் மத்தாப்பு யார் கொளுத்துகிறார்கள்’ என்று கேட்கலாம். ஃபோமுக்கு அடியில் ஓடும் மலிவு எல்இடி பட்டை, ஒரே மல்டிபிளக்கில் செருகிய ஏழெட்டு அடாப்டர், ஆயுத பூஜையன்று கீபோர்டுக்குக் காட்டும் கற்பூரம், இவை போதாதா? எரியாத பொருளைத் தேடிப் போங்கள்.

அந்தப் பொருளின் பெயர் ராக்வூல். பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பஞ்சு. ஏசி டக்ட், ஃபால்ஸ் சீலிங், பார்ட்டிஷன் வேலைக்கான சாமான் விற்கும் கடைகளில் ஸ்லாபாகக் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நான்கங்குலம் ஆகிவிடும். அடர்த்தி கூடக்கூட நல்லது என்று கடைக்காரர் 96ஐ நீட்டுவார், வாங்க வேண்டாம். தடிமனான பேனலுக்குள் அலை நுழையவே அந்த அடர்த்தி தடையாக நிற்கும். மூலைக்கு எட்டு, பத்து அங்குலத் தடிமனில் செய்பவர்கள் 48ஐயும் விட லேசானதைத்தான் தேட வேண்டும்.

ஆசாரி ஒருவரைப் பிடித்தால் ஒரே நாளில் முடியும் வேலை. ரீப்பர் கட்டையில் நாலடிக்கு இரண்டடி சட்டம், ஆழம் நான்கரை அங்குலம். உள்ளே இரண்டு ஸ்லாப். பின்பக்கம் பிளைவுட் அடிக்கக் கூடாது, துணி அல்லது கம்பி போதும். முன்பக்கம் காடாத் துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் கன்னால் அடிக்க வேண்டும். எந்தத் துணி ஆகும் என்பதற்கு எளிய சோதனை, வாயில் வைத்து ஊதினால் காற்று தாராளமாக மறுபக்கம் போக வேண்டும். ரெக்சின் கதைக்கு ஆகாது. காற்றுப் போகாத எதுவும் மேல் ஸ்தாயியைத் திருப்பி அடிக்கும். மூலை பேனலில் மட்டும் சிலர் இதையே வேண்டுமென்று செய்வார்கள். ராக்வூலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை விட்டால் பாஸ் உள்ளே போகும், ட்ரெபிள் அறைக்கே திரும்பும். அறை செத்த மாதிரி ஆகாமல் இருக்க இது உதவும். வெட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம். இழை தோலில் பட்டால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். துணியைச் சுற்றி மூடிய பிறகு தொந்தரவு இல்லை.

பேனலைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கங்குலம் தள்ளி வைத்தால் காசு செலவில்லாமல் இன்னும் கீழே உறிஞ்சும், கால் அலைநீளக் கணக்கின் இனாம் அது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் உள்ளவர்களுக்கு இரட்டை லாபம். காற்றோட்டம் இருப்பதால் துணியில் பூஞ்சை பிடிக்காது. வாடகை வீட்டில் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்பது தெரிந்ததே. அடியில் கால் வைத்துத் தரையில் நிறுத்துங்கள், காலி செய்யும்போது டெம்போவில் கூடவே வரும். எட்டு பேனல் இருந்தால் ஒழுங்கான தொடக்கம். நான்கு மூலைகளுக்கும் போக வேண்டும் என்பது ஆசை, கதவும் பீரோவும் விடுகிற மூலை எத்தனையோ அத்தனை. இடமும் வலமும் ஒவ்வொன்று, பின்சுவருக்கு இரண்டு, தலைக்கு மேல் ஒன்று.

பக்கச்சுவரில் எந்த இடம் என்பதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், வீட்டில் ஒருவரைக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் முதல் எதிரொலி புறப்படுகிறது. பேனல் அங்கே. தளத்திலும் அப்படியே பார்க்கலாம், ஆனால் அங்கே குறுக்கே சீலிங் ஃபேன் நிற்கும். ஃபேன் சுற்றும்போது எதிரொலியை இறக்கைகள் நறுக்குவதால் நீண்ட ஸ்வரங்களில் ஒரு நடுக்கம் வரும், சத்தம் வேறு. இறக்கைக்கு எட்டாத தூரத்தில், கேட்கும் இடத்துக்கு நேர் மேலே அந்த ஒரு பேனலை நான்கு கொக்கியில் தொங்கவிடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருப்பவர்கள், அது பெரும்பாலும் அறையின் நடு என்பதையும் கவனியுங்கள்.

பேனல் வாங்கக் காசு இல்லையென்றாலும் இன்றைக்கே செய்யக் கூடியது இடமாற்றம். நீளமான அறையென்றால் ஸ்பீக்கர்கள் நீளவாக்கில் பார்க்க வேண்டும். இடச்சுவரும் வலச்சுவரும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மூலையில் மேசை போட்டால் இடப்பக்க ஸ்பீக்கர் ஒரு கதை சொல்லும், வலப்பக்கம் வேறு கதை. காது, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 சதவீதத்தில் இருக்கட்டும். பத்தடிக்கு அது நாலடிக்குச் சற்றுக் குறைவு. இது வேதவாக்கு அல்ல, அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் பின்னால் போய்த் திரும்பும் அலை சுமார் 145 ஹெர்ட்ஸில் குழி பறிக்கும். ஆண் குரலுக்கும் மிருதங்கத்தின் தொப்பிக்கும் அது உயிர்நாடியான பகுதி. 35 சென்டிமீட்டருக்கு நெருக்கினால் குழி 250க்கு ஏறிவிடும், அங்கே நான்கங்குல பேனல் ஒரு கை பார்க்கும். நெருக்கியதால் ஏறும் பாஸைக் குறைக்க ஸ்பீக்கரின் முதுகிலேயே ஸ்விட்ச் உண்டு, பலர் அதைத் தொட்டதே இல்லை.

நம் ஊர்ப் படுக்கையறையில் சில சௌகரியங்கள் கட்டும்போதே வந்துவிடுகின்றன. கதவுக்கு மேலே கான்கிரீட் லாஃப்ட் இருக்கிறதா? அங்கிருக்கும் அண்டா குண்டாவை இறக்கிவிட்டுப் பழைய மெத்தை, ஜமுக்காளம், கம்பளி என்று தளம் வரை அடைத்துவிட்டால், தளமும் சுவரும் சேரும் மூலையில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு பாஸ் ட்ராப் இலவசம். துணி தொங்கும் அலமாரியின் கதவைத் திறந்து வையுங்கள். வீட்டில் தூக்கிப்போட மனசில்லாமல் சுருட்டி வைத்திருக்கும் இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிறுத்துங்கள், நெருப்பு அண்டாமல் பார்த்துக்கொண்டால் அதுவும் நன்றாக உறிஞ்சும். வில்லன் ஸ்டீல் பீரோதான். பாஸில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வந்ததும் அதன் கதவும் கைப்பிடியும் உள்ளே மாட்டிய கண்ணாடியும் கிர்ரென்று கூடவே பாடும். முன்பு சொன்ன டோனை 40இலிருந்து 200 வரை மெல்ல ஏற்றினால் பீரோ, ஜன்னல் கண்ணாடி, ட்யூப்லைட் பட்டி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். துண்டு அட்டையோ ரப்பரோ செருகி ஒவ்வொன்றையும் அடக்குங்கள்.

குரல் பதிவுக்கு வேறு நியாயம். மைக் பெரும்பாலும் கார்டியாய்டு, அதாவது முன்னால் இருப்பதைக் கேட்கும், முதுகுப்பக்கம் செவிடு. அது பார்ப்பது பாடுபவரையும் பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆனால் மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக மாட்டும் ஃபோம் வடிகட்டியை வாங்கியவர்தான் அதிகம்! பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேனலை வி வடிவில் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் முதல் டேக்கிலேயே தெரியும். அலமாரிக்குள் புகுந்து, போர்வை மூடிப் பாடுவது இன்னொரு பழக்கம். போர்வை மேல் ஸ்தாயியை மட்டும் தின்னும், சின்னப் பெட்டியின் ஒத்ததிர்வுகள் 100க்கும் 300க்கும் இடையில் மேலே எழும்பும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருப்பதற்குக் காரணம் அதுதான்.

‘அந்தப் பெண் படுக்கையறையில் பதிவு செய்து கிராமி வாங்கவில்லையா’ என்று உங்களில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. வாங்கினார். பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம், லாஸ் ஏஞ்சலஸில் அண்ணன் ஃபினியஸின் சின்ன அறையில்தான் பெரும்பகுதி உருவானது. மறு ஆண்டு சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்கே. ஆனால் அதை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற அனுபவசாலி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூ ஜெர்சியில் தான் தங்கியிருந்த வீட்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தது ‘நெப்ராஸ்கா’. கிட்டாரும் மவுத் ஆர்கனும் குரலுமாகத் தனியாளின் வேலை அது, அறையின் பாஸ் அதில் பெரிய வில்லங்கம் செய்ய இடமே இல்லை. பதிவு செய்ய ஒரு மைக்கைச் சுற்றி இருக்கும் நான்கடியைச் சரிசெய்தால் போதும். மிக்ஸ் செய்யத்தான் முழு அறையும் உண்மை பேச வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் காசு வீணாகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். இதுவரை சொன்ன எதுவும் பக்கத்து வீட்டு மிக்ஸியையோ தெருவில் போகும் ஆட்டோவையோ நிறுத்தாது, உங்கள் பாஸ் கீழ் வீட்டுக்குப் போவதையும் தடுக்காது. சத்தத்தை நிறுத்த எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். செங்கல் சுவரின் எடை ஏற்கெனவே போதும், ஓட்டை கதவிலும் ஜன்னலிலும்தான். கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் அடியில் டோர் சீலும் போடுவது, எந்த ஃபோமையும் விடப் பலன் தரும். குக்கர் விசில் அடங்கும் நேரமாகப் பார்த்துப் பாடுவது இன்னும் மலிவு.

ரூம் கரெக்‌ஷன் மென்பொருள் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 57இல் இருக்கும் மேட்டை அது குறைக்கும், அந்த அளவுக்கு நல்லது. குழியை நிரப்ப அதனால் ஆகாது. நேர் அலையும் திரும்பி வந்த அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் வந்த குழி அது. இருபது டெசிபல் ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே அழியும். மிஞ்சுவது ஸ்பீக்கர் திணறுவது மட்டும். முதலில் இடம், பிறகு பேனல், கடைசியில் மென்பொருள். நல்ல ஹெட்போனில் பாஸைச் சரிபார்த்துக்கொள்வதும் வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல, பெரிய ஸ்டூடியோக்களிலும் செய்கிறார்கள்.

செய்ததெல்லாம் பலித்ததா என்று தெரிய அளவெடுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யூமிக்-1 மாதிரியான அளவை மைக் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விட்டால் போதும், யாரும் அதைத் தினமும் உபயோகிக்கப் போவதில்லை. பேனல் வைப்பதற்கு முன் ஒரு முறை, வைத்த பின் ஒரு முறை, மைக்கைக் காது இருக்கும் அதே இடத்தில் நிறுத்தி அளவெடுக்க வேண்டும். ஏற்ற இறக்கக் கோட்டை மட்டும் பார்த்து மனம் உடைய வேண்டாம், எந்த வீட்டு அறையிலும் அது மலைத்தொடர் மாதிரிதான் வரும். ஒலி தேய்ந்து அடங்குவதைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் 57 ஹெர்ட்ஸின் வால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். முன்பு தேய்ந்து அடங்க நேரம் பிடித்த அந்த வால் குட்டையாகியிருந்தால் பேனல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்த மாதம் இன்னொரு காண்டென்சர் மைக், இன்னொரு ப்ளக்-இன் என்று எதையோ கார்ட்டில் போட்டு வைத்திருப்பீர்கள். அதை அங்கேயே விட்டுவைத்து, அந்தக் காசுக்கு ராக்வூலும் ரீப்பரும் காடாத் துணியும் வாங்குங்கள். எட்டுக்கு முடியாவிட்டால் நான்கோடு தொடங்குங்கள், இரண்டு முன்மூலைக்கு, இரண்டு பக்கச்சுவருக்கு. ஏற்கெனவே ஒட்டிய ஃபோமைப் பிய்த்தால் சுவரில் பசைத் தழும்பு நிற்கும், வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஓனர் அட்வான்ஸில் பெயிண்டுக்குக் கொஞ்சம் பிடிப்பார் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.